கத்தரிச் சத்தம் நின்ற இடம்

பியூலா உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. பதினாறு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்திருக்கிறோம். சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடியேதான் சாப்பிடுவாள். வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வருவாள். ஊர் எல்லையில் மடவார்வளாகம் வரும்போதே ஒரு கால் படிக்கட்டில் இருக்கும். அவளை அதட்டி அதட்டிக் கண்டக்டர்களுக்கே அலுத்துவிட்டது.

அவளுடைய அப்பா நூல்மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்தவர். மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குச் சாப்பிட்டு வளர்ந்தவள் என்பதால், அடுத்த சங்கு எப்போது ஊதும் என்ற பதைப்பு தனக்கு ரத்தத்திலேயே இருப்பதாகச் சொல்லிக்கொள்வாள். இருபத்திரண்டு வயதில் நர்சிங் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தாள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினாள். கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். கணவர் வினோத் மில்லில் எலக்ட்ரீஷியன், நிதானமான மனுஷன். ஒரு வீட்டில் ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு டிரஸ்ட் நடத்துவது, சின்னது, அவ்வளவு போதும். அங்கே டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற இடம். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள்தான் முக்கால்வாசி. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ராஜபாளையம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். என் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கண்டிப்பு இல்லாவிட்டால் கால் போய்விடும் என்பது என் கட்சி.

முப்பத்தெட்டு வயதில் பியூலா எம்.எஸ்.ஸி. நர்சிங் படிக்கக் கிளம்பினாள். டிரஸ்ட் இரண்டு வருஷம் லீவு கொடுத்தது. பட்டத்தோடு திரும்பி வந்தால், தங்கள் நர்சிங் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை என்று வாக்கும் கொடுத்தது. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த வேலைதான். நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதே இல்லை, ஊசி போட மட்டும்தான் சொல்லித்தருகிறார்கள் என்று பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் புலம்புவாள்.

இரண்டாம் வருஷம் ஆராய்ச்சி செய்து தீசிஸ் கொடுக்க வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் குறித்துவைக்கும் டிரெஸ்ஸிங் ரூம் நோட்டைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். புண்ணுக்குக் கட்டுப் போட நாலு தடவை ஒழுங்காக வருகிறார்கள், பிறகு ஆளைக் காணோம், இரண்டு மாதம் கழித்து விரல் கறுத்துப்போய் வருகிறார்கள். ஏன்? இதுதான் அவள் கேள்வி. இதில் என்ன இருக்கிறது, ஒரு தாளில் நாலு காரணத்தை அச்சடித்துக் கொடு, எதற்கு எத்தனை டிக் என்று எண்ணிக்கொள் என்றேன்.

“நாலு காரணத்தையும் நானே எழுதிக் குடுத்துட்டா, அஞ்சாவது காரணம் எங்கிட்டு இருந்துக்கா வரும்?” என்றாள்.

அது எண்ணிப் பார்க்கிற ஆராய்ச்சி இல்லையாம், கேட்டுப் பார்க்கிற ஆராய்ச்சியாம். பத்துப் பேரோ பன்னிரண்டு பேரோ போதும். அவர்களைப் பேசவிட்டு, பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி, அதற்குள் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். கேட்கக் கேட்கப் புதிதாக எதுவும் வராமல் போகும்போது நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஒரு பட்டமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் ரூமில் தினமும் எல்லாரும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்.

பாதியில் நின்றுபோன பெண்கள் பதினொரு பேரைத் தேடிப் பிடித்து வரவழைத்தாள். வீட்டில் வைத்துக் கேட்க முடியாது, ஒற்றை அறையில் மாமியாரும் பேரன் பேத்திகளும் இருப்பார்கள். அதனால் மதியம் இரண்டு மணிக்கு மேல், கூட்டம் ஓய்ந்த பிறகு, டிரெஸ்ஸிங் ரூமில் வைத்துக் கேட்டாள். டீ வாங்கிக் கொடுத்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, போனில் பதிவு போட்டு மருந்துத் தட்டில் வைப்பாள். நான் மூலையில் என் மேஜையில் இருப்பேன். இரண்டு மணிக்கு மேல்தான் மறுநாளைக்கான காஜ் துணியை வெட்டி மடித்து, கொதிநீராவிக்குப் போடும் டிரம்மில் அடுக்குவது என் வழக்கம். பத்தொன்பது வருஷ வழக்கம். நான் எழுந்து போக வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பஸ் கிடைக்கவில்லை என்றார்கள். கம்பெனியில் ஓவர்டைம் என்றார்கள். கொழுந்தன் வீட்டில் விசேஷம், மறந்துபோச்சு என்றார்கள். முடிக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரி, இங்கே நல்லாத்தான் பாக்காக, தப்பு எங்க பேருலதான் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஒன்பதாவது ஆளுக்குமேல் புதிதாக ஒன்றும் வரவில்லை. பதினொன்றோடு நிறுத்திவிட்டாள். பஸ், வேலை, மறதி என்று மூன்று தலைப்பில் நாலாம் அத்தியாயத்தை எழுதினாள். அவளுக்கு வழிகாட்டும் மேடம் பாராட்டினார். பைண்டிங் கடையில் அட்டை என்ன நிறம் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அவர்கள் கல்லூரியில் வியாழக்கிழமைதோறும் ஒரு வகுப்பு உண்டு. யாரோ எங்கேயோ செய்து அச்சில் வந்த ஒரு ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு, பத்துக் கேள்வி கேட்டு அதை எடை போட வேண்டும். நோக்கம் தெளிவாக இருக்கிறதா, சரியான ஆட்களிடம் கேட்டார்களா, எங்கே வைத்துக் கேட்டார்கள், கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் என்ன உறவு, சொன்னதைத்தான் எழுதினார்களா, தனக்குத் தோதானதை எழுதினார்களா, இப்படி. பியூலா கையில் மாட்டிய ஆராய்ச்சி எதுவும் முழுசாக வெளியே போனதில்லை என்று கல்லூரியே பேசும். அன்றைக்கு அவளுக்கு வந்தது வெளிமாநிலத்தில் செய்த ஒன்று. ஒரு நர்ஸ், தன் வார்டிலேயே, தன் நோயாளிகளிடமே, இங்கே கவனிப்பு எப்படி என்று கேட்டு எழுதியிருந்தார். எல்லாரும் அருமை என்று சொல்லியிருந்தார்கள்.

மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளிடம் புகுந்த வீடு எப்படி என்று கேட்ட கதை இது என்று பியூலா நின்றபடி போட்டாளாம் ஒரு போடு. வகுப்பு முழுவதும் சிரித்திருக்கிறது. அவளும் சிரித்திருக்கிறாள். சிரிப்பு அடங்குவதற்குள் உட்கார்ந்துவிட்டாளாம். உடம்புக்கு என்னவோ என்று பக்கத்திலிருந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்களாம்.

இரண்டு நாள் கழித்து டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தாள். கண் இடுங்கிப் போயிருந்தது. தீசிஸ் தாளில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். ‘நேர்காணலின்போது ஆய்வாளரும் பங்கேற்பாளரும் மட்டுமே அறையில் இருந்தனர்’ என்று எழுதியிருந்தது.

“அப்ப நான் யாருட்டி?” என்றேன்.

“அதத்தான்க்கா ரெண்டு நாளா கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்” என்றாள்.

அவள் வேண்டுமென்று எழுதிய பொய் இல்லை அது. மேஜை, ஃபேன், டிரம், நான். அந்த அறைக்குள் என்னைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவளுக்குப் படவே இல்லை. பிறகு போனை எடுத்தாள். பதிவை யாருக்கும் போட்டுக்காட்டக் கூடாதாம். கூட இருந்து கேட்டவள் என்பதால், ஒரே ஒரு துண்டு மட்டும் எனக்குப் போட்டாள். என் கத்தரி கறுக் கறுக்கென்று துணியை வெட்டுகிறது. பியூலாவின் குரல், நடுவில் ஏன் வராம நின்னுட்டீங்க என்று கேட்கிறது. கத்தரிச் சத்தம் நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்தப் பெண், பஸ்ஸு வரல சிஸ்டர் என்கிறாள். மறுபடியும் கறுக் கறுக்.

“பதினோரு பேருலயும் இப்பிடித்தான்க்கா. எழுதும்போது பேச்ச மட்டும்தான் எழுதுனேன். இத எழுதல.”

பதிலைக் கேட்கும் ஆவலில் நான் கையை நிறுத்தியிருக்கிறேன். கை நின்றதும் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றத்தான் லீவு போட்டுப் படித்தாயா, என் ரூமை உனக்கு விட்டேனே, எனக்கு இது வேண்டியதுதான் என்று கத்தித் தீர்த்துவிட்டேன். அவள் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள், பிறகு போய்விட்டாள். ஒரு வாரம் நான் போன் எடுக்கவில்லை.

தீசிஸ் கொடுக்கப் பதினெட்டு நாள்தான் இருந்தது. குறைபாடுகள் என்று கடைசியில் ஒரு தலைப்பு இருக்கிறது, அதில் ஒரு பத்தி எழுதிவிட்டுக் கொடுத்துவிடு, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று மேடம் சொன்னார். வினோத் தம்பியும் அதையே சொன்னார். கோபம் கொஞ்சம் தணிந்து நானும் அதையே சொன்னேன். இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவைக்கு ஆறு மாதம். லீவு முடிந்துவிடும், பட்டம் இல்லாமல் வார்டுக்குத் திரும்ப வேண்டும், பள்ளி வேலை அதுவரை காத்திருக்குமா தெரியாது. அந்த ஒரு பத்தியை அவள் நாலு தடவை எழுதிக் கிழித்தாள். அந்த நாட்களில் ராஜபாளையத்துப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடிக்காமல் நடந்தே போவாளாம், போகும் வழியில் வீட்டையும் தாண்டிப் போய்விடுவாளாம்.

கடைசி நாள் வந்தது. அவள் கொடுக்கவில்லை. அன்று மாலை போன் செய்து எனக்குச் சொன்னாள்.

“பொய்ய பைண்டு பண்ணி வாங்குன பட்டத்த வச்சுக்கிட்டு, புள்ளைகளுக்கு நான் என்னத்தக்கா சொல்லிக் குடுப்பேன்?”

வார்டுக்குத் திரும்பி வந்தாள். நர்சிங் பள்ளிப் பொறுப்பைத் தற்காலிகமாக வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள் என்று காதுபட முணுமுணுத்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டாளா என்று தெரியாது, ஏனென்றால் எந்த இடத்திலும் காது கொடுத்துக் கேட்கிற அளவுக்கு நின்றதில்லை. கல்லூரியில் புதிதாக அனுமதி வாங்கி, லீவு நாளில் எல்லாம் கிளம்பினாள். யூனிஃபார்ம் கிடையாது, சாதாரணச் சேலை. எங்கே வைத்துப் பேசலாம் என்று அந்தப் பெண்களையே கேட்டாள். ஒருத்தி கம்பெனி வாசல் புளியமரத்தடி என்றாள், ஒருத்தி சுந்தரபாண்டியம் பஸ் நிறுத்தம் என்றாள், வத்திராயிருப்புக்காரி மாந்தோப்பில் வேலை முடிகிற நேரத்துக்கு வரச்சொன்னாள். பதினொரு பேரில் ஒன்பது பேர் மறுபடியும் பேசினார்கள்.

என்ன பேசினார்கள் என்று அவள் வாயைத் திறக்கவே இல்லை. நானும் குடைந்து பார்த்தேன். இனிமேல் சொல்லக் கூடாதுக்கா என்று ஒரே பதில். அவள் ஓட்டம் எனக்கும் தொற்றிக்கொண்டது. யாரையாவது ஏசிக்கொண்டிருக்கும்போது வாசலில் அவள் நிழல் தெரியும், உடனே எனக்கு வார்த்தை குழறும், அந்த எரிச்சலில் இன்னும் கூட ஏசுவேன். துணியை அளவு மாற்றி வெட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் நடக்காதது அது.

ஐந்தாம் மாதம், மாற்றி எழுதிய நாலாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் நான் வருகிறேன் என்பதால், மற்றவர்கள் வாசிக்கும் முன் நான் வாசிக்க வேண்டுமாம். பெயரெல்லாம் இல்லை, நம்பர்தான். பங்கேற்பாளர் ஆறு சொன்னது மட்டும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

“ஒரு நா போக முடியல. மறுநா போனா, எல்லாரு முன்னாடியும் வைவாக. அதுக்குப் பயந்து அன்னைக்கும் போகல. அஞ்சு நா ஆச்சுன்னா அஞ்சு நாளுக்கும் சேத்து வாங்கணும். பொறவு எப்பிடிப் போக? கம்பெனில கழிச்சுப் போட்ட காஜு கெடந்துச்சு, அத வச்சு நானே கட்டிக்கிட்டேன்.”

நம்பர் போட்டாலும் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா. குருவம்மாள் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் அதுவல்ல. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். சித்திரையில் அவளுக்கு மதுரையில் வைத்துக் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். கம்பெனியில் கழித்துப்போட்டது வெறும் துணி, நீராவி கண்டதில்லை. நோட்டில் அவள் பெயருக்கு எதிரே, ‘சொல்பேச்சு கேட்பதில்லை’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அத்தியாயத்தை மூடி வைத்துவிட்டு நான் அழுதேன். அழுததில் பாதி அவளுக்காக, பாதி என் மானத்துக்காக, இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பியூலா பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். பெண்களிடம் கையெழுத்து வாங்கிய அதே சம்மதப் படிவம்.

“ஒரு ஆளு பாக்கி இருக்குக்கா. அவக ஏன் வரலங்கறது கெடச்சிருச்சு. நீங்க ஏன் வையுறீகன்னு எனக்குத் தெரியாது. நானா எழுதுனா அதுவும் பொய்தான். புடிக்கலைன்னா வேண்டாம், நடுவுலயும் நிறுத்திக்கிடலாம்.”

அடுத்த திங்கட்கிழமை தீசிஸ் கொடுக்க அவளுக்குக் கடைசி நாள். இது இல்லாமலும் கொடுத்துவிடலாம், ஆனால் அவள் கொடுக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய ஆறு மாத அலைச்சல் முழுவதும் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. எங்கே வைத்து என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். டிரெஸ்ஸிங் ரூமில், இரண்டு மணிக்கு மேல் என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் ஓய்ந்ததும் கதவைச் சாத்தினாள். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். மீதி இருந்தது நோயாளிகள் காலை நீட்டி உட்காரும் ஸ்டூல். பத்தொன்பது வருஷத்தில் அதில் நான் உட்கார்ந்ததில்லை. மிகவும் தாழ்வாக இருந்தது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. பழக்கத்தில் கை கத்தரியைத் தேடியது. பியூலா அதை எங்கேயோ எடுத்து வைத்திருந்தாள்.

விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்களை நீங்கள் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்டாள். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. சூப்பரின்டென்டென்ட் மேடமாக இருக்குமோ என்று நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“எல்லாரையும் நல்லாத்தான் பாக்கேன்.”

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பதினொரு பேரும் இந்த அறையில், இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இதையேதான் சொன்னார்கள். பியூலா எழுந்து ஜன்னல் பக்கம் போவாள், அந்த இடைவெளியில் எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். செருப்புச் சத்தம் கதவைத் தாண்டிப் போயிற்று.

“ஒரு நாளைக்கு அறுவது கட்டு. கட்டுறதுக்கு ரெண்டே பேரு. ஒரு ஆளு வரலைன்னா எனக்கு ஒரு கட்டு கொறையும். வராதவுக பேர நோட்டுல பாக்கையில எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு பியூலா. கால் போயிரும்னுதான் வையுறேன்னு ஊருக்குச் சொன்னேன். வஞ்சா வர மாட்டாகன்னு எனக்குத் தெரியும்.”

போன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகும் அரை மணி நேரம் பேசினேன். அவ்வளவு நேரமும் அவள் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை தீசிஸைக் கொடுத்துவிட்டாள். அறையில் யார் யார் இருந்தார்கள் என்ற வரியைத் திருத்தியிருக்கிறாள், கத்தரிச் சத்தத்தையும் எழுதியிருக்கிறாள். பள்ளி வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை, அது வரைக்கும் வார்டில் நடந்துகொண்டிருக்கிறாள். குருவம்மாளின் வீட்டுக்குக் கட்டுப் போட வாரம் இரண்டு நாள் நான் போகிறேன். முதல் நாள் அவள் கதவைத் திறக்கவே வெகுநேரம் ஆயிற்று.

தீசிஸில் நான் பங்கேற்பாளர் பன்னிரண்டு. பெயரைச் சொன்னால் விதி மீறலாகிவிடும் என்பதில் பியூலா கறாராக இருக்கிறாள். நானே சொன்னால் மீறல் ஆகாதாம், கேட்டுக்கொண்டேன். என் பெயர் நாச்சியார்.